சொல்லிவிட்டுப் போகிற டிஸ்க்

எந்த டிஸ்க்கின் பெயரைப் போனில் போட்டுத் தேடினாலும் கடைசியில் ஒரு சாவுச் செய்தியில் வந்து நின்றது. நாலரை நட்சத்திரம், வேகம் அபாரம், கைக்கு அடக்கம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளியிருந்ததையெல்லாம் குழந்தைவேலு விரலால் சரசரவென்று ஒதுக்கிவிட்டு நேராக அடிமட்டத்துக்குப் போனான், ஒற்றை நட்சத்திரக்காரர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு. வாங்கி ஐந்தே மாதம், என் மகனின் முதல் மூன்று வருடம் போய்விட்டது. ஒரு நட்சத்திரம். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் இதில்தான் இருந்தது, இப்போது அப்பாவும் இல்லை. ஒரு நட்சத்திரம். ஒன்றுமே போடாமல் அனுப்ப வழியில்லாததால் ஒன்று போடுகிறேன் என்று இன்னொருவர். எந்த ஊரோ, யார் வீட்டுப் பிள்ளைகளோ, இழவு வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல வரிசையாக இருந்தார்கள், கொஞ்சம் நகர்ந்தால் அவனுக்கும் இடம் கொடுப்பார்கள். காந்திபுரத்தில் ஒரு வளாகத்தின் இரண்டாம் மாடிக் கடை அது. பகல் பதினொன்றரை. கண்ணாடி மேசைமேல் ஐந்து பெட்டிகளை வைத்துவிட்டு, கழுத்து அட்டையில் வாசுகி என்று பெயர் போட்டிருந்த பெண் வேறு ஆளைக் கவனிக்கப் போயிருந்தாள். உடுமலையில் இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவன்தான். இன்றைக்குத்தான் கை போக மறுத்தது. பக்கத்துக் கட்டிடத்தில் மோசஸ் உட்கார்ந்திருந்தார், செத்த டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுக்கிறவர். "உள்ள படிக்கற தலைய மாத்தியிருக்கறனுங்க. ஒரு தடவ ஓடும். ரெண்டாவது தடவைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. காப்பி எடுக்கறதுக்கு நல்ல டிஸ்க்கா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அது பாதில மக்கர் பண்ணுச்சுன்னா அவ்வளவுதான்" என்றார். எது நல்லதுங்க என்று இவன் கேட்டதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க. எங்கிட்ட வர்றதெல்லாம் செத்ததுதான். எல்லாக் கம்பெனியும் வருது" என்றார்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை ஓடும். அந்தப் பழைய டிஸ்க்கில் பதினாலு கல்யாணம் இருந்தது, பதின்மூன்றை டிவிடியில் எழுதிக் கொடுத்து முடித்தாயிற்று, பாக்கி நின்றது போன ஆவணியில் எடுத்த நவநீதன் கல்யாணம். அதிலும் முழுதாக வேண்டாம், தாலி கட்டுவது வேண்டாம், பந்தி வேண்டாம், சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று பல்லைக் காட்டியது சத்தியமாக வேண்டாம், இணைச்சீர் மட்டும் வந்துவிட்டால் போதும். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மணப்பெண்ணுக்குச் சமமாகச் சிங்காரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்காரும் சடங்கு அது, அந்த நேரத்துக்கு மேடை அவளுடையது. நவநீதனுக்கு ஒரே அக்கா, பிருந்தாதேவி. அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்து, மேளக்காரர்கள் மண்டபத்தைத் தூக்குகிற மாதிரி வாசித்துக்கொண்டிருக்கும்போது தம்பியின் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னாள். தம்பிக்குக் கேட்கவில்லை. என்னக்கா என்று புருவத்தைத் தூக்கினான், அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிச் சிரித்தாள். ஆனால் மாப்பிள்ளையின் சட்டையில் மைக் குத்தியிருந்தது, குழந்தைவேலுவின் காதில் ஹெட்போன் இருந்தது. அந்த ஆயிரம் பேரில் அவள் சொன்னதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். உம்முனு இருக்காதடா, கேமரா அண்ணன் அப்பறம் என்னையத்தான் எடுப்பாரு. இதுதான் சொன்னாள். இதற்கு முன்னால் ஒரு வார்த்தை உண்டு. டேய் என்றாளா, சாமி என்றாளா? சாமி உம்முனு இருக்காதடா. டேய் உம்முனு இருக்காதடா. போன மாதம் வரைக்கும் டேய் என்றுதான் இருந்தது. நடுவில் ஒருநாள் குளிக்கும்போது சாமி என்று வந்தது, அதிலிருந்து இரண்டும் மாறி மாறி வருகிறது. குரலே முன்னைப்போல இல்லை, தன் சம்சாரத்தின் குரல் அதில் கலந்துகொண்டு வருகிறதோ என்று சந்தேகம். கேட்ட காது ஒன்று, பதிந்த டிஸ்க் ஒன்று, இரண்டு காப்பிதான் உலகத்தில், இரண்டும் கெட்டுக்கொண்டிருக்கிறது.

"பாத்துட்டீங்களாண்ணா?" என்று வாசுகி திரும்பி வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் ஒரு பேனா, அதன் தலையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். டிக். டிக். டிக். குழந்தைவேலுவின் முதுகு நிமிர்ந்துகொண்டது. அந்தச் சத்தம். எட்டு மாதமாக இந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம். விஜயதசமி அன்று காலையில் டிஸ்க்கை ஓட்டினபோது முதலில் கேட்டது, டிக், டிக், டிக், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி டிக், யாரோ உள்ளே அடைபட்டுக்கொண்டு நகத்தால் தட்டுகிற மாதிரி. அதற்கப்புறம் பஸ் திரும்பும்போது இண்டிகேட்டர் விளக்கு அடிப்பதில் கேட்டது, காஸ் அடுப்பில் கேட்டது, பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தபோது சுவர்க் கடிகாரத்தில் கேட்டு எழுந்தே வந்துவிட்டான். "பேனாவ வெச்சுருங்கம்மா" என்றான். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு தொழில்காரி ஆயிற்றே, ஆரம்பித்துவிட்டாள். "இது மூணும் சுத்தற டிஸ்க்குங்க. உள்ள தட்டு சுத்தும், கீழ போடக்கூடாது. இது ரெண்டும் எஸ்.எஸ்.டி. சுத்தற சமாச்சாரமே இல்லீங்க. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, வேகமும் ஜாஸ்தி. எல்லாரும் இப்ப இதுதான் எடுக்கறாங்க." அப்புறம் குரலைத் தணித்து, நல்லவள்போல இருக்கிறது, "ஆனா ஒண்ணுங்ணா, உள்ளதச் சொல்லிடறேன். சுத்தறது போறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சத்தம் போடும், இழுக்கும், நாம உசாராயிக்கலாம். எஸ்.எஸ்.டி போச்சுன்னா சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். நேத்து வரைக்கும் நல்லா இருந்துது, காலைல இல்ல" என்றாள். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பெண். பிருந்தா அப்படித்தான் போனாள். ஐப்பசி மழையில் டெங்கு என்றார்கள், வியாழக்கிழமை காய்ச்சல், வெள்ளிக்கிழமை எழுந்து பிள்ளைக்குத் தலை சீவி விட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். செய்தி வந்தபோது குழந்தைவேலு வேறொரு கல்யாணத்தில் மேடைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து பெண்ணின் மருதாணியை எடுத்துக்கொண்டிருந்தான். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் எடுத்தான். கை நடுங்காமல் எடுத்தான், அதுவும் அவனுக்கு மறக்கவில்லை.

பெட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொன்னான். கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், சோப்புக்கட்டி கணக்காக இருந்ததை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான், நகத்தால் ஓரத்தைத் தடவினான். "என்னண்ணா தேடறீங்க?" "ஓட்டை." "எந்த ஓட்டைங்க?" "மூச்சு விடற ஓட்டை." அவளுக்குப் புரியவில்லை, "அதெல்லாம் உள்ள இருக்குங்க, வெளிய தெரியாது" என்றாள். வெளியே தெரியாது, அதுவே நல்லது. அவன் ஸ்டுடியோவில் டப்பா இல்லாத வெறும் டிஸ்க்கைத் தாங்கியில் சொருகி ஓட்டுவதுதான் வழக்கம், சூடாகாது என்று எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்கிறதுதான். அதன் தகட்டில் ஒரு சின்னத் துளை, சுற்றி ஒரு வட்டம், கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. வருடக்கணக்காகக் கண்ணில் பட்ட வரி, ஒருநாளும் படித்ததில்லை. ஆயுத பூஜைக்கு கேமரா, லைட்டு, ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து வைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அவன்தான் வைத்துக்கொண்டே வந்தான், அன்றைக்கு நல்ல மனதோடு இருந்தான், சீசன் அமோகம், நன்றி சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது. டிஸ்க்குக்கு வந்தபோது பொட்டு வைக்கத் தோதாக அங்கே ஒரு வட்டம் இருந்தது. இதற்கென்றே விட்டு வைத்த இடம் மாதிரி. கட்டை விரலால் அழுத்தி வைத்தான், மேலே குங்குமம். மறுநாள் டிக், டிக். போன மாதம் மோசஸ் பஞ்சுக் குச்சியால் அதைத் தோண்டி எடுத்து முகர்ந்து பார்த்து, "என்னங்க இது, சந்தனமா?" என்றார். துளையை மூடாதே என்றுதான் அந்தப் பொடி எழுத்தில் எழுதியிருந்ததாம். இதனாலதான் போச்சுங்களா என்றான். "இதனாலன்னு சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் மோசஸ். ஆமாம் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், தலையில் அடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பான். சாமிக்கு என்று வைத்தது ஒரு மனுஷியின் மூச்சை அடைத்ததா இல்லையா என்பதை இனி எவனிடம் போய்க் கேட்பது.

ஆனால் சந்தனத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது, அது அவனுக்குத் தெரியும், சுற்றிச் சுற்றி வந்தாலும் அவன் மனசு கடைசியில் அந்த இடத்துக்கே வந்து முட்டிக்கொள்ளும். கல்யாணம் முடிந்து இரண்டாவது வாரம் பிருந்தா ஸ்டுடியோ படியேறி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. "அண்ணா, முழுசும் மெதுவாக் குடுங்க. இணைச்சீரு மட்டும் எம்போன்ல ஏத்தி விட்டுருங்க, பாப்பா பாக்கணும்ங்கறா." இரண்டு நிமிட வேலை. டிஸ்க் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அதுதான் காரணம், வேறு காரணமே இல்லை, டீ ஆறிவிடும் என்று, "அடுத்த வாரம் வாங்கம்மிணி, எடிட்டிங்ல இருக்குது" என்றான். அந்தக் கல்யாணத்தை எடிட்டிங்குக்கு அவன் இன்னும் தொடவே இல்லை. கேமராவின் கார்டையோ டிஸ்க்கில் ஒரு தடவை இறக்கிய கையோடு அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுபோயிருந்தான், இன்னொரு காப்பி அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. பூஜை முடிந்து இரண்டாம் தடவை வந்தாள். அப்போது டிஸ்க் பனியன் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் கிடந்தது, அவள் அந்த மேசைமேல்தான் பையை வைத்தாள். அன்றைக்கும் அதே பதில், எடிட்டிங்ல இருக்குதுங்க. அவள் கோபப்படவில்லை, "உங்களுக்குச் சீசன் நேரம், பரவால்லீங்ணா" என்றாள். அதிலிருந்து பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு நவநீதன் கூப்பிட ஆரம்பித்தான், அவனுக்கும் அதே பதில், மாதத்துக்கு ஒரு தடவை, எடிட்டிங், எடிட்டிங். இன்றைக்குக் காலையில் பஸ் ஏறுகிற நேரத்தில் கூப்பிட்டவன் வீடியோவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பாப்பாவுக்கு அக்கா குரல் மறந்துபோச்சுங்ணா. அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எங்கிட்டக் கேக்கறா. நான் பேசிக் காட்டுனேன், இல்லைங்கறா" என்றான். அக்காவின் போனை லாக் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு கடைக்காரன் வாங்கி, லாக்கோடு உள்ளே இருந்ததையும் துடைத்துக் கொடுத்துவிட்டானாம். மற்றவர்கள் போனில் தேடினால் அவள் அனுப்பியதெல்லாம் எழுத்துதான், சரி, வர்றேன், சாப்பிட்டாச்சா. நாலு வயசுப் பிள்ளை. குழந்தைவேலு அதற்கும் "முடிஞ்சுருச்சு தம்பி, கடைசி வேலைதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பொள்ளாச்சி தாண்டுகிற வரைக்கும் தன் வாயைத் தானே வெறுத்துக்கொண்டு வந்தான்.

"மூணு வருசம் வாரண்டிங்க" என்றாள் வாசுகி, அவன் மௌனத்தைக் கம்பெனிமேல் உள்ள சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு. "எதுக்கு?" "டிஸ்க்குக்குங்க. கெட்டுப்போனா புதுசு குடுத்துருவாங்க." "உள்ள இருக்கறதுக்கு?" அவள் சற்று யோசித்தாள், பொய் சொல்லத் தெரியாத முகம், "அதுக்கு எந்தக் கம்பெனியும் குடுக்க மாட்டாங்கண்ணா. அதனால முக்கியமானதுன்னா ரெண்டா வாங்கிக்குங்க. ஒரே கம்பெனில ரெண்டு எடுக்காதீங்க, ஒண்ணாச் செஞ்சது ஒண்ணாவே போகும்" என்றாள். இரண்டு. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளாக இரண்டு. ஒன்றில் அவள், இன்னொன்றிலும் அவள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும், அது போவதற்குள் மூன்றாவது ஒன்று, இப்படியே அந்தப் பிள்ளை பெரியவளாகி, அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகி, அதுவரைக்கும் யாராவது ஒருவர் மறக்காமல் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு தடவை டீ ஆறிவிடும் என்று உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. நம்பகமான டிஸ்க் என்று ஒன்று கிடையாது, எல்லாம் போகப் போவதுதான், எவன் உட்கார்ந்து மாற்றுகிறானோ அவனைத்தான் நம்ப வேண்டும், அவனோ குழந்தைவேலு. சிரிப்புத்தான் வந்தது. "எஸ்.எஸ்.டி வேண்டாங்க. சொல்லிட்டுப் போறதே குடுங்க, ரெண்டு கம்பெனில ரெண்டு" என்றான். ஒன்றைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டச் சொன்னான். நீல விளக்கு எரிந்தது. குனிந்து மேசைமேல் தலையைச் சாய்த்து டிஸ்க்கின்மேல் காதை வைத்தான். "என்னங்ணா, டாக்டராட்ட?" என்று வாசுகி சிரித்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உள்ளே ஒரு மெல்லிய ரீங்காரம், சீராக, வெதுவெதுப்பாக. டிக் இல்லை. காலி. ஒருவர்கூட இன்னும் குடிவராத வீடு. இதற்குள் அவள் வருவாளா, வந்தால் டேய் என்பாளா சாமி என்பாளா, மோசஸ் பொத்தானைத் தட்டுகிறபோது அந்தத் தலை இணைச்சீர் இருக்கும் இடம் வரைக்குமாவது போய்ச் சேருமா, பந்தியை எடுத்துவிட்டு அங்கே வந்து நின்றுவிடுமா. முதலில் எதை எடுக்க வேண்டும் என்று மோசஸிடம் சொல்லிவிட வேண்டும், மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காதை எடுப்பதற்குள் போன் அடித்தது. நவநீதன். காலையில்தானே பேசினான். எடுத்து, ஹலோ என்றதும் வழக்கமான வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன, இருபத்திரண்டு வருடப் பழக்கம், தள்ளிவிட்டால் போதும், தானாக ஓடும். "அண்ணா, நாளைக்கு அக்காவுக்கு அமாவாசை கும்பிடறோம், பாப்பாவுக்கு டிவில போட்டுக் காட்டலாம்னு..." என்றான் நவநீதன். "தம்பி, எடிட்டிங்ல இல்லீங்க" என்று யாரோ சொன்னார்கள், குழந்தைவேலு அது தன் வாய்தான் என்று கொஞ்சம் கழித்துத் தெரிந்துகொண்டான். "என்னைக்குமே எடிட்டிங்ல இருந்ததில்லீங்க. டிஸ்க்கு கெட்டுப்போச்சு. எட்டு மாசமாச்சு. உங்கக்கா உசுரோட இருக்கறப்பவே கெட்டுப்போச்சு. அவங்ககிட்டயும் பொய்யத்தான் சொன்னேன். இன்னைக்கு ஒரு தடவ ஓட்டிப் பாக்கறாங்க. வந்தா வரும், வரலீன்னா..." திட்டு, தம்பி, வாய்க்கு வந்ததைத் திட்டு என்று இவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். நவநீதன், "அப்ப அக்கா?" என்றான். அவ்வளவுதான். அக்கா இறந்த அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய மாதிரி கேட்டான். பிறகு போனை எங்கேயோ மரத்தின்மேல் வைத்த ஓசை, செருப்பில்லாத காலடி விலகிப் போவது, ஒரு கதவு. கட் செய்யாமலே போய்விட்டான். வாசுகி பெட்டிகள் இரண்டையும் பையில் போட்டு நீட்டினாள், குழந்தைவேலு பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் பையை வாங்கினான், போனைக் காதிலிருந்து எடுக்கத் தைரியம் வரவில்லை. அப்போது யாரோ அதைக் கையில் எடுத்தார்கள், மூச்சு முட்டி முட்டிக் கேட்டது. "யாரு?" என்றது ஒரு சின்னக் குரல். "நான்... வீடியோ எடுக்கற மாமாங்கண்ணு." "எங்கம்மா உங்ககிட்டத்தான் இருக்கறாங்கன்னு எங்க மாமா சொல்லுச்சு" என்றாள் பாப்பா. "அம்மாகிட்டப் போனக் குடுங்க." குழந்தைவேலு மாடிப்படியில் கால் வைத்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். கீழே சாலை வெயிலில் பஸ்கள் ஊதிக்கொண்டிருந்தன. "வெச்சுராத கண்ணு, வெச்சுராத" என்றான், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, மோசஸ் இருக்கும் கட்டிடத்துக்குப் போக இறங்கத் தொடங்கினான், இரண்டிரண்டு படியாக, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. காதுக்குள் அந்தப் பிள்ளை வைக்காமல், ஒன்றும் பேசாமல், அம்மா வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.